வேதாளையும் ஓரியூரும்: இறங்கி வந்த இருவர்

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகிறவர்கள் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்தை நெருங்கும்போது வேதாளை என்ற மீனவர் ஊரைக் கடந்துதான் போக வேண்டும். பாம்பன் பாலத்தைப் பார்க்கும் ஆவலில் இருக்கும் நமக்கு அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் படுவதே அபூர்வம். இதே மாவட்டத்தின் வடக்கே, திருவாடானை வட்டத்தில், ஓரியூர் இருக்கிறது. ஓரியூரை எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரி மாதம் வந்தால் அருளானந்தர் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ சனம் வந்து குவியும்.

இந்த இரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு பாதிரியார் கொல்லப்பட்டார். நடுவே 144 ஆண்டுகள். ஒருவர் பெயர் இன்று ஊருக்கு ஊர் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. மற்றவரை அவர் விழுந்த ஊரின் வழியே போகிறவர்களுக்குக்கூடத் தெரியாது. 'தாழ்மை' என்ற சொல்லை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தச் சொல்லுக்கு நம் கடற்கரையில் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேதாளை.

அந்தோனியோ கிரிமினாலி இத்தாலியில் பார்மா நகரை அடுத்த சிசா என்ற ஊரில் 1520-இல் பிறந்தவர். சேசு சபையில் சேர்ந்து, 1545-இல் கோவா வந்து, அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் தொடங்கி வைத்த பணி அது. கன்னியாகுமரியிலிருந்து வேதாளை வரை நீண்டு கிடந்த பரதவர் ஊர்களை மணலில் நடந்தே சுற்றி வந்தார். தமிழ் பேசக் கற்றதோடு நிற்காமல் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். சவேரியார் தம் கடிதங்களில் அவரைப் பெரிய மனத்தோடு புகழ்ந்திருக்கிறார். அந்தக் கடற்கரை முழுவதற்கும் பொறுப்பாளராக இருந்தபோது கிரிமினாலிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அக்காலத்தில் வேதாளையில் ஒரு போர்ச்சுக்கீசியத் தளபதி சிறு காவற்படையோடு இருந்தார். இராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரிகர்கள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். தளபதி வழியின் குறுக்கே அகழி வெட்டி, யாத்திரிகர்களிடம் வரி கேட்டார். சேது தரிசனத்துக்கு எத்தனையோ நூறு கல் நடந்து வந்தவனிடம், கடலைக் கண்ணால் காணும் தூரத்தில் நிறுத்தி, காசு எடு என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? கோயிலைச் சார்ந்தவர்கள் முறையிட்டார்கள். 1549-இல் வடுகர் படை வேதாளை மேல் வந்து இறங்கியது. தளபதியிடம் எதிர்த்து நிற்கும் அளவுக்கு ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. கரையில் நின்ற படகுகளை நோக்கி எல்லோரும் ஓடினார்கள்.

கிரிமினாலிக்கும் படகில் இடம் இருந்தது. அவர் ஏறவில்லை. புதிதாகக் கிறிஸ்தவர்களான அவ்வூர்ப் பெண்களும் குழந்தைகளும் கரையில் நின்றார்கள். அவர்களைப் படகேற்றிவிடத் திரும்பத் திரும்பக் கரைக்கு வந்தார். அதற்குள் படை வந்துவிட்டது. ஈட்டிகளால் குத்தி, பிறகு தலையை வெட்டினார்கள். சேசு சபையில் வேதத்துக்காக உயிர் கொடுத்தவர்களில் அவரே முதல்வர் என்று சபையின் வரலாறு சொல்கிறது.

இதில் என் மனத்தை விட்டு அகலாத செய்தி ஒன்று உண்டு. தவறு செய்தது தளபதி. வரி விதித்ததும் அவர், தப்பித்ததும் அவர். தண்டனை அனுபவித்தவர் வேறொருவர். தாக்க வந்தவர்களையும் வெறுமனே கொடியவர்கள் என்று எழுதித் தள்ளிவிட முடியாது. அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயமான குறை இருந்தது. கிரிமினாலி, "இது என் சண்டை அல்ல, இந்த வரியில் எனக்குப் பங்கில்லை" என்று சொல்லிப் படகேறியிருந்தால் எந்த நீதிமன்றமும் அவரைக் குறை சொல்லியிருக்காது. அவர் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. கரையில் நிற்பவர்கள் தம் மக்கள். அவர்களுக்கு முன் தாம் படகேறக் கூடாது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு.

இனி ஓரியூர்.

யோவான் தெ பிரிட்டோ 1647 மார்ச் 1-ஆம் நாள் லிஸ்பனில் பெருங்குடியில் பிறந்தார். தந்தை பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்தவர். பிள்ளைப் பருவத்தில் பிரிட்டோ அரண்மனையில் வளர்ந்தார்; பின்னாளில் போர்ச்சுக்கல் மன்னரான இரண்டாம் பேதுரு அவருடைய இளமைத் தோழர். 1662-இல், பதினைந்து வயதில், அரண்மனையை விட்டுச் சேசு சபைக்குப் போனார். 1673-இல் கப்பலேறி, ஆறு மாதம் கடலில் கிடந்து கோவா வந்தார். அடுத்த ஆண்டே மதுரை மிஷனுக்கு வந்துவிட்டார்.

மதுரை மிஷன் அப்போது இரண்டு வழிகளில் நடந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பிராமணச் சந்நியாசியின் கோலத்தில் உயர்குடியினரிடையே பணி செய்தார். ஆனால் அந்தக் கோலத்தில் இருப்பவர் ஒடுக்கப்பட்டோர் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க 1640 முதல் 'பண்டாரசுவாமிகள்' என்ற மற்றொரு பிரிவினர் உருவானார்கள். பண்டாரசுவாமி எல்லாச் சாதியாரிடமும் பழகலாம். அதற்கு விலையாக மேல்சாதியாரின் மதிப்பை இழக்க வேண்டும். அரண்மனையில் வளர்ந்த பிரிட்டோ ஏற்றது பண்டாரசுவாமி வாழ்க்கையைத்தான். காவி உடை, கையில் கோல், தரையில் படுக்கை, புலால் இல்லாத ஒருவேளைச் சோறு. பெயரையும் அருளானந்தர் என்று மாற்றிக்கொண்டார்.

1686-இல் மறவர் நாட்டில் அவரும் அவருடன் இருந்த உபதேசியார்களும் பிடிபட்டு வதைக்கப்பட்டார்கள். இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி முன் நிறுத்தப்பட்டபோது, சேதுபதி அவர் சொன்னதைக் கேட்டு விடுதலை செய்தார். மறவர் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு சபை அலுவலாக ஐரோப்பா போகும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. போனார். லிஸ்பனில் பழைய தோழர் மன்னராக இருந்தார். இங்கேயே இரு, என் மகனுக்கு ஆசிரியராக இரு என்று அவரை நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். அருளானந்தர் அங்கே இருந்த நாளிலும் மதுரை மிஷனின் உணவு முறையை விடவில்லை என்கிறார்கள். 1690-இல் மறுபடியும் கோவாவில் வந்து இறங்கினார். மறுபடியும் மறவர் நாட்டுக்கே வந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன். பதினைந்து வயதில் அரண்மனையை விடுவது ஒரு வேகம். நாற்பதைத் தாண்டி, உடம்பில் வதையின் தழும்புகளோடு, அரசனே கையைப் பிடித்து உட்கார் என்று சொல்லும்போது எழுந்து வருவது வேறு. நம்மில் பலர் ஓய்வு பெற்றவர்கள். பதவி போன மறுநாள், நேற்று வரை எழுந்து நின்றவர் இன்று நிமிர்ந்து பார்க்காமல் போவதைப் பார்த்திருக்கிறோம். நாம் நாற்காலியை விட்டது தேதி வந்ததால். தேதி வருமுன்பே, இரண்டு முறை, தாமாகவே இறங்கியவர் இவர்.

முடிவு தடியத்தேவர் வழியாக வந்தது. சேதுபதி குடும்பத்தோடு உறவும், அரசுரிமைக்கு வழக்கும் உள்ள மறவர் குலத் தலைவர் அவர். நோய் தீர்ந்து கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் உறுதியாகச் சொன்னார். தடியத்தேவர் முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கி, 1693 ஜனவரி 6-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனார். இரண்டு நாளில் அருளானந்தர் கைதானார்.

கடலாயியைப் பழைய நூல்கள் பெரும்பாலும் பழிகாரி போலவே காட்டுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் ஒரு குற்றமும் செய்யாமல் வீட்டை இழந்த பெண். சேதுபதிக்கோ குடும்ப மானம் ஒருபுறம், போட்டி வாரிசுக்குப் பின்னால் ஒரு புதிய கூட்டம் திரள்கிறதே என்ற கவலை மறுபுறம். இராமநாதபுரத்தைத் தலைநகராக்கி, கோட்டை கட்டி, நாட்டை நிலைநிறுத்திய அரசர் அவர். இதையெல்லாம் சொல்வதால் அருளானந்தரின் பெருமை குறையாது. தம் போதனையால் பிறருக்கு வலி வரும் என்றால் அந்த வலிக்கான விலையைத் தாமே கொடுக்க வேண்டும். அவர் அதைக் கொடுத்தார்.

ஓரியூரில் சேதுபதியின் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பப்பட்டார். சிறையில் எழுதுகோல் இல்லை. கரியைக் கரைத்து, துரும்பால் தொட்டு, தம் சபையாருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டது. அன்று புதன்கிழமை. கத்தோலிக்கர்கள் நெற்றியில் சாம்பல் பூசி, மனிதன் மண்தான் என்று நினைவுகூரும் திருநீற்றுப் புதன். நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. 1853-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22-ஆம் நாள் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். ஓரியூர்ச் செம்மண் அவர் இரத்தத்தால் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. வேறு வேறு சமயத்தாரும் அந்த மண்ணை எடுத்துப் போகிறார்கள். அவரைப் பிடித்துக் கொடுத்த நாட்டின் மறவர் மக்களே அவருக்கு நேர்ந்துகொள்கிறார்கள்.

வேதாளையில் அப்படி ஒரு பெருவிழா இல்லை. கிரிமினாலிக்குப் புனிதர் பட்டமும் இல்லை. அருளானந்தருடன் வதைபட்ட உபதேசியார்களை நினைத்துப் பாருங்கள்; அவர்களுக்குத் திரும்பிப் போக லிஸ்பனும் இல்லை, கூப்பிட ஓர் அரசனும் இல்லை. அவர்கள் பெயர் நம் நாவில் இல்லை.

தாழ்மை என்றால் மெதுவாகப் பேசுவது, கையைக் கட்டி நிற்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த இருவரும் அப்படிப்பட்டவர்களாகத் தெரியவில்லை. ஒருவர் உயிருக்கு ஓடும் கூட்டத்துக்கு எதிராக நடந்தவர். மற்றவர் அரசர்களுக்கு முன்னால், லிஸ்பனிலும் இராமநாதபுரத்திலும், முடியாது என்று சொன்னவர். தம் சௌகரியத்தை வரிசையில் கடைசியில் வைத்தார்கள். அதனால்தான் அவர்களுக்கு அந்தத் தைரியம் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சீடனின் கால்களைக் கழுவிய குருவிடம் அவர்கள் கற்ற பாடம் அது.

அடுத்த முறை இராமேஸ்வரம் போகும்போது, சமயம் எதுவானாலும், வேதாளை வந்ததும் ஒரு நிமிடம் கடல் பக்கம் திரும்பிப் பாருங்கள். படகில் இடமிருந்தும் ஏறாத ஒரு மனிதர் அந்தக் கரையில்தான் நின்றார்.