லண்டன் வீடுகளும் உறைந்த குழாய்களும்

லண்டன் மாநகரின் கடுங்குளிர் காலங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தேம்ஸ் நதி உறைந்து கிடந்ததையும், அந்தப் பனிப்பாளத்தின் மீது ஜனங்கள் கூடாரமடித்துச் சந்தை கூட்டியதையும், ஆற்றின் நடுவே அச்சு இயந்திரத்தை நிறுத்தி ஞாபகச் சீட்டுகள் அச்சிட்டு விற்றதையுமே விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார்கள். அத்தகைய சந்தைகளில் கடைசியானது 1814-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நடந்தது; அதன் சித்திரங்கள் இன்றும் பொருட்காட்சிச் சாலைகளில் இருக்கின்றன. ஆனால் ஆறு உறைந்த அதே காலங்களில் வீட்டுக் குழாயும் உறைந்து, சமையலுக்கும் குடிப்பதற்கும் ஜலமின்றித் தவித்த குடும்பங்களின் கதையை எழுதியவர்கள் வெகு சிலரே. அந்தக் கதையை ஆராய்ந்து பார்த்தால், குளிரிலிருந்து குழாயைக் காப்பது என்பது வெறும் போர்வையைச் சுற்றும் காரியம் அல்ல என்பதும், ஒரு நகரம் தன் ஜலத்தை எங்கே வைக்கிறது, எந்த எண்ணத்தோடு வைக்கிறது என்பதையே அது பொறுத்திருக்கிறது என்பதும் தெளிவாகும்.

ஹெர்ட்ஃபோர்டுஷயர் ஊற்றுகளிலிருந்து சுமார் 38 மைல் வளைந்து வளைந்து வந்து, லண்டனின் வடபுறத்திலுள்ள கிளார்க்கென்வெல் மேட்டை அடையும் கால்வாயொன்றை, ஸர் ஹ்யூ மிடில்டன் என்ற பொற்கொல்லர் பெருமுயற்சியுடன் வெட்டி முடித்து, 1613-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி திறந்து வைத்தார். ‘நியூ ரிவர்’ என்று பெயர் பெற்ற அந்தக் கால்வாயின் ஜலம், எல்ம் மரத்தின் அடிமரங்களை நீளவாட்டில் துளைத்து, ஒன்றின் கூம்பிய முனையை மற்றொன்றின் வாயில் செருகிக் கோத்த மரக் குழாய்களின் வழியே வீதிகளுக்குள் ஓடிற்று. வீதிக் குழாயிலிருந்து வீட்டுக்குள் மெல்லிய ஈயக் குழாய் சென்றது. மரக் குழாய்கள் வெகு சீக்கிரம் உளுத்துப் போயின; கசிவுக்கோ கணக்கில்லை. ஆயினும் உஷ்ணத்தை எளிதில் கடத்தாத மரம் தன் கனத்த சுவருக்குள் ஜலத்தை ஒருவாறு காத்தது. இந்த நன்மையை அக்காலத்தார் திட்டமிட்டுத் தேடவில்லை. அது தானாக வாய்த்தது. 1817-ஆம் ஆண்டுச் சட்டம், இனிப் பதிக்கும் வீதிக் குழாய்கள் இரும்பாலானவையாகவே இருக்க வேண்டும் என்று விதித்தபோது, கசிவும் உளுத்தலும் குறைந்தன, அழுத்தம் உயர்ந்தது. ஆனால் தரைக்கு மேலாகவோ ஆழமின்றியோ கிடந்த இரும்பிலும் ஈயத்திலும் குளிர் தடையின்றி நுழைந்தது.

உறையும் நீருக்கு எத்தனை வலிமை உண்டு என்பதை விஞ்ஞானிகள் அதற்கு வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஹாலந்து தேசத்து அறிஞர் ஹைகன்ஸ் 1667-இல் கனத்த இரும்புக் குழலொன்றில் நீரை அடைத்துக் குளிரில் வைத்தபோது அது பிளந்து போயிற்று. கனடாவின் கியூபெக் நகரில் 1784-85 குளிர்காலத்தில், பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்த மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ், உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி வாயை முளையால் இறுக அடைத்து வெளியே வைத்துப் பரீட்சித்தார். ஒரு முறை அந்த முளை சுமார் 400 அடி தூரத்தில் போய் விழுந்தது. மற்ற திரவங்களில் பெரும்பாலானவை குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே போக, நீரோ 4 டிகிரி சென்டிகிரேடு வரை சுருங்கிப் பின்னர் மெல்ல விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாக மாறும் தருணத்தில் அதன் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. இந்தப் பெருக்கத்திற்கு இடம் கொடுக்காத பாத்திரம் எதுவாயினும், அது ஈயமோ செம்போ வார்ப்பிரும்போ, தாங்கி நிற்பதில்லை.

ஆனால் குழாய் உடைவதன் சூட்சுமம் சாமானிய ஜனங்கள் நினைப்பதினின்றும் சற்று வேறானது. கடுங்குளிரில் குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி திரண்டு வழியை அடைத்துவிட்டால், அது வளர வளர முன்னாலுள்ள நீரைத் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த நீரின் மறுமுனையில் மூடிய திறப்பு இருந்தால், போக்கிடமற்ற நீரில் அழுத்தம் மிஞ்சி, பனிக்கட்டியே இல்லாத இடத்திலும் குழாய் பிளந்துவிடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் 1990-களில் நடத்திய ஆராய்ச்சிகள் இதைப் பிரத்தியட்சமாகக் காட்டியதோடு, வெளிக் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 7 டிகிரிக்கு இறங்கும்போதுதான் போர்த்தப்படாத குழாய்களுக்குப் பெரும் அபாயம் தொடங்குகிறது என்றும் கண்டன. குளிர்காலத்தில் திறப்பைச் சிறிதே திறந்து நூலிழைபோல் நீரை ஓடவிடும் பழைய வழக்கத்தின் பலனும் இதிலிருந்தே விளங்குகிறது: ஓடும் நீர் உறையாமல் இருப்பது பாதி நன்மை; உறைந்தாலும் அழுத்தம் மிஞ்சாமல் வெளியேற வழி இருப்பது மற்றப் பாதி. ஆயினும் லண்டன் வீடுகளில் இந்த உபாயமே வேறொரு தீங்கை வரவழைத்தது. சொட்டிய நீர் வெளிச்சுவரில் தொங்கிய கழிவுக் குழாயில் துளித்துளியாக உறைந்து அதை முற்றும் அடைத்துவிட்டது.

பனி உருகும்போதுதான் குழாய் வெடிக்கிறது என்று பல தலைமுறைகள் நம்பின. நீர் பீறிட்டுக் கூரை நனைந்ததை அப்போதுதான் அவர்கள் கண்டார்கள். உண்மையில் உருகுதல் எதையும் உடைப்பதில்லை. உறைந்தபோதே பிளந்த குழாயைப் பனிக்கட்டி தானே அடைத்துக்கொண்டிருந்தது, அது கரைந்ததும் பிளவு வாய் திறந்தது. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஜோசப் பிளாக் 1761-ஐ ஒட்டி மறை வெப்பம் என்னும் உண்மையைக் கண்டறிந்து, பனிக்கட்டியைக் கரைக்க, அதே அளவு நீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையானதைப் போல ஏறத்தாழ 80 மடங்கு உஷ்ணம் வேண்டும் என்று உலகுக்கு உணர்த்தியிருந்தார். ஒரு முறை உறைந்த குழாய் வெயில் வந்த பின்னும் நாட்கணக்கில் கல்லாய்க் கிடப்பதன் காரணம் அதுவே. ஈயக் குழாயோ ஒவ்வொரு உறைபனிக்கும் சற்று உப்பி, மீண்டும் சுருங்காமல், சுவர் மெலிந்து மெலிந்து, சில குளிர்காலங்களைப் பொறுத்த பிறகு ஒரு நாள் நீளவாட்டில் கிழிந்துபோகும். வீட்டுக்காரர் அதை அந்த ஆண்டுக் குளிரின் குற்றமாக எண்ணுவார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லண்டனின் தண்ணீர்க் கம்பெனிகள் நாள் முழுவதும் ஜலம் விடவில்லை. குறித்த நேரத்தில் சிறிது பொழுது மட்டும் திறந்துவிடுவார்கள், அதற்குள் வீட்டுத் தொட்டி நிரம்பியாக வேண்டும். அதனால் வசதியுள்ள வீடுகளில் கூரைக்கும் மச்சுக்கும் இடையிலுள்ள பரணில் மிதவை வால்வு பொருத்திய தொட்டி ஒன்று அவசியமாயிற்று. காலரா முதலிய கொள்ளை நோய்கள் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பின்னர், 1852, 1871-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் இடைவிடாத நீர் விநியோகத்துக்கு வழி பிறந்தது. சுகாதாரத்துக்கு அது மகத்தான நன்மை. ஆனால் முன்பு பெரும்பகுதி நேரம் காலியாகக் கிடந்த குழாய், இப்போது இரவும் பகலும் நீர் நிறைந்து குளிரின் எதிரே நின்றது. பரணிலிருந்த தொட்டியும் அகன்றபாடில்லை.

இதற்கு மேல் வந்தது கழிவு வாயுவைப் பற்றிய பயம். சாக்கடையிலிருந்து எழும் துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்று அக்கால வைத்தியர்கள் பலர் நம்பினார்கள். 1871-இல் இளவரசர் எட்வர்ட் டைபாய்டு ஜுரத்தால் மரணத்தின் வாசல் வரை சென்று மீண்டபோது, அவர் தங்கியிருந்த மாளிகையின் சாக்கடைமீது பழி விழுந்து, தேசமே தன் வீட்டுக் குழாய்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிற்று. 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், மலக் குழாயை வீட்டுக்கு வெளியே, சுவரின் புறத்தில் அமைக்கும்படி வற்புறுத்தின. கழிப்பறையும் வெளிச்சுவரை ஒட்டியே அமைந்தது. அதற்கு நீர் கொண்டுபோகும் குழாயும் அதே குளிர்ந்த சுவரைப் பற்றி ஏறிற்று. நோயிலிருந்து உயிரைக் காக்க வேண்டும் என்ற மெய்யான கருணையினாலேயே இந்த ஏற்பாடு பிறந்தது; அந்தச் சீர்திருத்தக்காரர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால் ஓர் ஆபத்தை விலக்குவதற்காகச் செய்த ஏற்பாடு மற்றோர் ஆபத்தின் வாயில் வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடும் என்பதை, ஆங்கிலேய நகரங்களின் வெளிச்சுவர்களில் கொடிபோல் படர்ந்த குழாய்கள் நூறாண்டு காலம் பறைசாற்றின.

அந்த ஆபத்து முழு உருவத்தில் வெளிப்பட்டது 1895-ஆம் ஆண்டு பிப்ரவரியில். ஸ்காட்லாந்தின் பிரேமரில் அம்மாதம் 11-ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 27.2 டிகிரி பதிவாயிற்று. பிரிட்டனில் அதைவிடக் குறைந்த அளவு இன்றுவரை பதிவானதில்லை. லண்டனில் வீட்டுக் குழாய்கள் மட்டுமல்லாமல், ஆழம் போதாமல் புதைத்திருந்த வீதிக் குழாய்களும் உறைந்துவிட்டன. கம்பெனிகள் தெருமுனைகளில் தற்காலிகக் குழாய்களை நட்டு நீர் வழங்கின; பெண்களும் சிறுவர்களும் வாளிகளோடு பனியில் வரிசையாய் நின்று, வாரக்கணக்கில் ஜலத்தைச் சுமந்தார்கள். மாளிகைவாசி வேலையாளை அனுப்பினான். வாடகை அறையில் வசித்த தொழிலாளியின் மனைவியோ, கைக்குழந்தையை விட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி ஏறினாள். குளிர் எல்லோருக்கும் பொதுவானதே. அதன் பாரம் பொதுவாக இருந்ததில்லை.

இன்னும் கொடியது அடுப்படியில் நேர்ந்தது. ஆங்கிலேயச் சமையலறை அடுப்பின் பின்புறம் வெந்நீருக்காகச் சிறு பாய்லர் ஒன்றைப் பதிப்பது வழக்கம். அதிலிருந்து மேலே தொட்டிக்குக் குழாய்கள் செல்லும். இரவில் அந்தக் குழாய்கள் உறைந்து அடைபட்டிருப்பதை அறியாமல் விடியற்காலையில் அடுப்பை மூட்டினால், நீராவிக்கு வழியில்லாமல் பாய்லர் வெடித்து அருகிலிருந்தோரைக் கொன்றது. விக்டோரியா மகாராணியின் காலத்துக் கடுங்குளிர்கள் பலவற்றில் இத்தகைய மரணங்கள் நேர்ந்தன. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் சிறு வால்வு ஒன்று இந்த அபாயத்தை அடியோடு போக்கிவிடும். அதன் விலையும் சொற்பம். அதைப் பொருத்தாமல் விட்ட அலட்சியத்தை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

இந்த அனுபவங்களிலிருந்து முதலாவதாகத் தேறிய பாடம் ஆழம். பூமியின் மேற்பரப்பு எவ்வளவு குளிர்ந்தாலும், கீழே போகப் போகக் குளிர் மந்தமாகவும் தாமதமாகவுமே இறங்குகிறது. பிரிட்டனில் வீட்டுக்கு வரும் குழாய் 750 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றைய சட்டம். குளிர் மிகுந்த வட அமெரிக்க நகரங்களில் ஏழெட்டு அடி தோண்டுகிறார்கள். பூமியே நிரந்தரமாக உறைந்து கிடக்கும் வட கனடாவின் இனுவிக் போன்ற ஊர்களிலோ, தோண்டுவதையே கைவிட்டு, தரைக்கு மேல் காப்பிட்ட பெட்டிகளுக்குள் நீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் சேர்த்து நடத்துகிறார்கள்.

இரண்டாவது பாடம் போர்வையின் வரம்பைப் பற்றியது. வைக்கோல், மரத்தூள், பழங்கம்பளி, மாட்டு மயிரால் செய்த ஃபெல்ட் என்று பலவற்றையும் குழாயைச் சுற்றிக் கட்டினார்கள்; ஒரு கடுங்குளிர் இரவைக் கழிக்க அவை உதவின. ஆனால் கம்பளியானது குளிரில் நடப்பவனின் உடம்புச் சூட்டைக் காக்குமே தவிர, தானாகச் சூட்டை உண்டாக்காது. அதுபோல, உஷ்ணமே இல்லாத இடத்தில் நிற்கும் நீரை எந்தப் போர்வையும் முடிவில்லாமல் காப்பதில்லை, உறையும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான் செய்கிறது. 1947-ஆம் ஆண்டு இதை நிரூபித்தது. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நீடித்த பனியில் நிலக்கரி வண்டிகள் நகராமல், இங்கிலாந்தின் பெரும்பகுதியில் வீடுகளுக்குப் பகலில் ஐந்து மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. வீட்டின் சூடு அகன்றதும் போர்த்திய குழாயும் போர்த்தாத குழாயும் ஒன்றாயின.

1963 ஜனவரி, 1814-க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட குளிர் மிகுந்த மாதம். மத்திய இங்கிலாந்தின் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே 2.1 டிகிரி. தெருமுனைக் குழாய்களும் தண்ணீர் வண்டிகளும் மறுபடி வந்தன. பின்னர் எரிபொருள் விலை ஏறியபோது, வீட்டின் சூடு வீணாகாமலிருக்க மச்சின் மேல் கனத்த காப்பு விரித்தார்கள். அறை கதகதப்பாயிற்று, பரணோ முன்னைவிடக் குளிர்ந்தது, அங்கே இருந்த பழைய தொட்டி அனாதையாயிற்று. தொட்டிக்கு நேர் கீழே மட்டும் காப்பை விரிக்காமல், கீழறையின் சூடு அதை எட்டும்படி விடவேண்டும் என்ற விதி இவ்வாறு கற்றதே.

இப்போது ஈயம் போய்ச் செம்பும், அதன் பின் வளையும் இயல்புள்ள பிளாஸ்டிக்கும் வந்திருக்கின்றன. ஆயினும் 2010 டிசம்பர் முடிவில் வட அயர்லாந்தில் பனி உருகியபோது, உடைந்த குழாய்களின் வழியே நீர்த்தேக்கங்களே வடிந்து, பல்லாயிரம் வீடுகள் ஜலமின்றித் தவித்தன. 2018 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அதே துன்பத்தை அனுபவித்தார்கள். ஒருவன் பூட்டிவிட்டுப் போன வீட்டில் கசியும் நீர், அவனுடைய அண்டை வீட்டானின் குடிநீர். ஆகவே குழாயைக் காப்பது தனி மனிதனின் சௌகரியம் மட்டுமல்ல, ஊருக்குச் செய்யும் கடமையுமாகும்.

நான்கு நூற்றாண்டுகளின் அனுபவம் சொல்வது இதுதான்: குழாயை முதலில் சரியான இடத்தில் வை, வீட்டின் சூடு எட்டும் உட்சுவரில், பூமியின் போதிய ஆழத்தில் வை, காலி செய்யும்போது ஒரு துளியும் தேங்காதபடி சாய்வாக வை, அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரிந்திருக்கட்டும், போர்வை அதற்குப் பிறகு வரட்டும். கட்டட விதிகளை வகுப்போர் ஒரு தீமையை ஒழிக்கப் புறப்படுகையில், அந்த ஏற்பாடு கடுங்குளிரான ஒரு வாரத்தை எப்படித் தாங்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்திருந்தால், 1895-இல் வாளி சுமந்த பெண்களின் பாரம் எவ்வளவோ குறைந்திருக்கும். அந்த எண்ணம் இனி வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் வர வேண்டும்.