செடியின் உணவைக் குழந்தைக்குச் சொன்னவர்கள்

செடி எதை உண்டு வளர்கிறது என்று ஒரு சிறு குழந்தையைக் கேட்டால், அது தயங்காமல் மண்ணைச் சுட்டிக் காட்டும். கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலும், தாவரங்கள் தமக்கு வேண்டிய ஆகாரத்தைப் பக்குவமான நிலையிலேயே பூமியிலிருந்து வேரின் வழியே பெற்றுக்கொள்கின்றன என்றுதான் கருதினார். ஆகையால் குழந்தையின் விடையைக் கேட்டு நகைக்க நமக்கு உரிமையில்லை; ஐரோப்பியப் பண்டித உலகமே நெடுங்காலம் அந்த அபிப்பிராயத்தோடு திருப்தியடைந்திருந்தது. அது பிழையென்று கண்ட கதை பலருக்குத் தெரியும். அந்த உண்மை பெரியவர்களின் கிரந்தங்களிலிருந்து இறங்கிக் குழந்தைகளின் செவிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே அவ்வளவாகப் பேசப்படாத விஷயம்.

மண்ணே உணவு என்ற அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர் வான் ஹெல்மான்ட். அடுப்பில் உலர்த்திய 200 ராத்தல் மண்ணை ஒரு பெருந்தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, மழைநீரோ வடித்த நீரோ அன்றி வேறொன்றும் வார்க்காமல் ஐந்தாண்டுகள் காத்திருந்து, பின்பு மரத்தைப் பிடுங்கி நிறுத்துப் பார்த்தபோது, அது 169 ராத்தலுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. மண்ணிலோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. இந்தப் பரிசோதனை அவர் காலமான பிறகு, 1648ஆம் ஆண்டில் வெளியான நூலில் அச்சாயிற்று. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்பது அவர் செய்த முடிவு. விந்தை என்னவென்றால், கரி எரியும்போதும் திராட்சைச் சாறு புளிக்கும்போதும் எழுகின்ற ஒருவகை வாயுவை வேறாகக் கண்டு அதற்குப் பெயரும் வைத்தவர் அவரே. தம் தொட்டியில் நின்ற மரம் அந்த வாயுவைத்தான் உண்டு பருத்தது என்பது மாத்திரம் அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் நூற்றாண்டு ஒன்று கழிந்து, லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றிலே 1771ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி ஒரு புதினாக் கொத்தை வைத்து, அம்மாதம் 27ஆம் தேதி அதே காற்றில் வேறொரு வத்தி நன்றாக எரிவதைக் கண்டார். வியன்னா அரச குடும்பத்துக்கு அம்மை குத்திப் புகழ்பெற்ற டச்சு வைத்தியர் இங்கன்ஹூஸ், 1779ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்கு அருகே ஒரு வீட்டை அமர்த்திக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்து, காற்றைத் தூய்மைப்படுத்தும் அந்தச் சக்தி பசுமையான பாகங்களுக்கு மட்டுமே உண்டு என்றும், அதுவும் வெயிலில் மட்டுமே நடைபெறும் என்றும் நிலைநாட்டினார். வான் ஹெல்மான்ட் கண்ட அந்தக் கரியமில வாயுவின் பங்கை ஜினீவாவின் செனெபியேயும், நீரின் பங்கை அதே ஊர் டி சோசூரும் விளக்கிவிட, 1804க்குள் கணக்கு பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று.

பண்டிதர்களுக்குத் தீர்ந்த கணக்கு குழந்தைகளுக்குத் தீரவில்லை. அக்காலத்தில் ஐரோப்பியக் குழந்தைகளுக்குத் தாவர சாஸ்திரம் கற்பிப்பதென்றால், இதழை எண்ணி, மகரந்தத் தாளை எண்ணி, பூவை இன்ன குடும்பமென்று வகுத்துப் பெயர் சொல்லப் பழக்குவதுதான். ரூசோவைப் போன்ற மேதை, சினேகிதியொருத்தியின் சிறு பெண்ணை உத்தேசித்து எழுதிய அழகிய கடிதங்களிலும் மலர்களின் குடும்பங்களே முக்கியமாக விளங்குகின்றன. பெயரறிவு இழிவானதன்று, ஆனால் செடியை உயிருள்ள பொருளாக, ஓயாமல் தொழில் செய்யும் ஒன்றாக அது காட்டுவதில்லை.

அந்தக் குறையை நீக்க முன்வந்தவர்களில் என் மனம் முதலிடம் கொடுப்பது ஜேன் மார்செட் அம்மையாருக்கே. லண்டனில் குடியேறிய சுவிஸ் வணிகர் ஒருவரின் புதல்வியாகிய இவர், ரஸாயனப் பிரசங்கங்களைக் கேட்டு முதலில் விளங்காமல் திகைத்து, பின்பு நண்பர் ஒருவரோடு உரையாடி உரையாடித் தெளிவு பெற்றதால், தாம் கற்ற வழியிலேயே பிறருக்கும் கற்பிக்கத் துணிந்து, ஓர் ஆசிரியைக்கும் எமிலி, கரோலின் என்ற இரண்டு சிறுமிகளுக்கும் நடக்கும் சம்பாஷணையாக ரஸாயன நூலொன்றை எழுதித் தம் பெயரைப் போடாமலே வெளியிட்டார். சம்பாஷணை முறையை அவர் மேலும் பல சாஸ்திரங்களுக்குக் கையாண்டு, 1829இல் தாவரங்களின் உடலியலுக்கும் ஒரு நூல் இயற்றினார். ஜினீவாவில் டி காண்டோல் என்ற பெரும் தாவர அறிஞர் ஆற்றிய பிரசங்கங்களே அதற்கு ஆதாரம். சோசூரின் நகரத்தில் விளைந்த அறிவு, கால் நூற்றாண்டுக்குள் லண்டன் சிறுமிகளின் கைக்கு வந்துவிட்டது. இன்றைய வாசகனுக்கு அந்தச் சிறுமிகள் அளவுக்கு மிஞ்சிய புத்திசாலிகளாகத் தோன்றலாம். ஆயினும் அவர்கள் கேள்வி கேட்கிறார்கள், ஆட்சேபிக்கிறார்கள். அதுவரை பாடப் புத்தகங்களில் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வாய்த்திருந்தது மனப்பாடம் ஒன்றே.

அம்மையாரின் ரஸாயன நூலை ஆவலோடு படித்தவர்களில் ஒருவன் லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்த ஏழைச் சிறுவன். அவனே பின்னாளில் மைக்கேல் பாரடே என்று உலகம் போற்றும் விஞ்ஞானியானான். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை தோறும் சிறுவர்களுக்குப் பிரசங்கம் செய்யும் வழக்கம் 1825இல் தொடங்கியது. பாரடே மட்டும் பத்தொன்பது வருஷங்கள் அந்த மேடையில் நின்றார். 1860ஆம் ஆண்டு முடிவில் அவர் தொடங்கிய ஆறு பிரசங்கங்களுக்கும் விஷயம் ஒரே ஒரு மெழுகுவத்தி. எரிதலில் ஆரம்பித்து, ஆறாவது நாளில் சுவாசத்துக்கு வந்து, ஒரு மனிதன் நாளொன்றுக்கு 7 அவுன்ஸ் கரியையும் ஒரு குதிரை 79 அவுன்ஸ் கரியையும் கரியமில வாயுவாக மாற்றுவதைச் சொல்லி, நமக்கு ஆகாத அந்த வாயுவே செடிகொடிகளுக்கு உயிராதாரம் என்று முடித்தபோது, சுடரும் பிள்ளைகளின் மூச்சும் இலையும் ஒரே கணக்கில் வந்து சேர்ந்தன. தனியே தாவரப் பாடம் என்று அவர் எதையும் நடத்தவில்லை. அப்படி நடத்தாததே அவருடைய சாமர்த்தியம்.

1879இல் அரபெல்லா பக்லி அம்மையார் சிறுவர்களுக்காக வெளியிட்ட நூலில், பிரிம்ரோஸ் என்னும் சிறு மலர்ச்செடியின் வாழ்க்கைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கி, சூரிய கிரணங்கள் இலையின் பச்சை மணிகளை வேலை வாங்குவதை வர்ணித்தார். இயற்கைச் சக்திகளைத் தேவதைகளென்று அழைக்கும் அவருடைய வழக்கம் எனக்கு அத்தனை உவப்பில்லை. விஷயம் மட்டும் பழுதில்லாதது.

இவ்வளவு பேரும் சொல்லால் விளக்கியதைக் குழந்தையின் கண்ணுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியவர் ஜெர்மானியரான ஜூலியஸ் சாக்ஸ். பச்சையம் தங்கிய மணிகளுக்குள் காணும் மாவுச்சத்து வெளிச்சத்தின் உதவியால் அங்கேயே உண்டாவது என்று 1860களில் அவர் காட்டினார். மாவுச்சத்தின்மேல் அயோடின் பட்டால் கருநீலமாகும். இந்தச் சோதனை பாடசாலைக்குள் புகுந்த பிறகு, உபாத்தியாயரின் வார்த்தையை நம்பவேண்டிய அவசியமே குழந்தைக்கு இல்லாமற்போயிற்று. நம் பள்ளிகளிலும் இது பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் படமாக மட்டுமே இருக்கிறது. இலை செடியின் சமையலறை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். சமையலறை என்றதும், அரிசியும் பருப்பும் எங்கிருந்து வந்தன என்று கேட்கிற பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரியாத காற்றிலிருந்து என்று வாயால் மட்டும் சொன்னால் அது எப்படி நம்பும்?

ஆகவே உபாத்தியாயர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொட்டிச் செடியொன்றை இரண்டு நாள் இருட்டறையில் வையுங்கள். பிறகு ஓர் இலையின் நடுவே இருபுறமும் கறுப்புக் காகிதம் பொருத்தி, காலை முதல் மாலை வரை வெயிலில் விடுங்கள். அந்த இலையைப் பறித்து, காகிதத்தை நீக்கி, கொதிநீரில் முக்கி, சாராயத்தில் இட்டுப் பச்சை நிறம் போகும்வரை சூடாக்கி, நீரில் அலசி, அயோடின் துளிகளை அதன்மேல் விடும் வேலையைப் பிள்ளைகள் பார்த்திருக்கட்டும். வெயில் பட்ட பாகம் கறுக்கும். காகிதம் மறைத்த பாகம் கறுக்காது. சாராயப் பாத்திரத்தை நேரே தீயில் வைக்காமல், தீயை அணைத்தபின் கொதிநீருக்குள் இறக்கிச் சூடாக்குங்கள். அந்தக் காரியத்தைக் குழந்தைகளின் கையில் விடாதீர்கள்.