திக்குவாயும் பரம்பரையும்

திக்குவாய் என்பது பேச்சோட்டம் தடைப்படும் நிலை. திக்குபவர் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வார் (ப-ப-பால்), இழுப்பார் (ம்ம்ம்மாமா), அல்லது சொல் எழாமல் வாய் திறந்தபடி நிற்பார். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும் பெரியவர்களில் 1 விழுக்காட்டினருக்கும் உண்டு. திக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை.

வாய்ப்பின் அளவு

யேல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கிட் குழுவினர் 1970களில் திக்குவாய் உள்ளோரின் குடும்பங்களை ஆராய்ந்தனர். தந்தை திக்குபவரானால் மகன்களில் சுமார் 22 விழுக்காட்டினரும் மகள்களில் 9 விழுக்காட்டினரும் எப்போதாவது திக்கியிருந்தனர். தாயானால் இது 36, 17 என உயர்ந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் திக்குவாய் குறைவு. வெளிப்பட்ட பெண்ணிடம் மரபுக் காரணிகள் கூடுதலாக இருக்கும் என்பது இதற்கான விளக்கம். திக்கத் தொடங்கும் குழந்தைகளில் சுமார் நான்கில் மூவருக்கு அது நின்றுவிடுகிறது. நிற்பதா நீடிப்பதா என்பதிலும் பரம்பரைக்குப் பங்குண்டு என்று இலினாய் பல்கலைக்கழகத்தின் எஹுட் யாயிரி, நிக்கோலின் அம்புரோஸ் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

மரபணுக்கள்

பாகிஸ்தானியக் குடும்பங்களிலிருந்து தொடங்கிய ஆய்வின் வழியே, மரபியலாளர் டெனிஸ் டிரேனா குழுவினர் 2010இல் மூன்று மரபணுக்களில் திக்குவாயோடு தொடர்புள்ள மாற்றங்களைக் கண்டனர். உயிரணுவில் கழிவுகளைச் சிதைக்கும் லைசோசோமுக்கு நொதிகளை அனுப்பும் பணியோடு தொடர்புடையவை இவை. ஆனால் திக்குபவர்களில் சிறு பகுதியினரிடமே இம்மாற்றங்கள் உள்ளன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளைக் கொண்டு 2025இல் வெளியான ஆய்வு, தொடர்புள்ள 57 மரபணுப் பகுதிகளைச் சுட்டியது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் திக்க, மற்றவர் சரளமாகப் பேசுவதும் உண்டு. எனவே குழந்தைக்கு வருவது திக்குவதற்கான சாய்வு மட்டுமே.

பெற்றோர் மீதான பழி

ஐயோவா பல்கலைக்கழகத்தின் வெண்டல் ஜான்சன் தாமே திக்குபவர். குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் திக்குவாய் என்று கருதிக் கண்டிப்பதே உண்மையான திக்குவாயை உண்டாக்குகிறது என்றார். அவர் வழிகாட்டலில் 1939இல் மாணவி மேரி டியூடர் ஓர் அனாதை இல்லத்தில், நன்றாகப் பேசிய குழந்தைகள் சிலரிடம் அவர்கள் திக்குவதாகச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் பேசவே கூசினர். ஆனால் திக்குவாய் உண்டானதற்குச் சான்றில்லை. இந்தச் சோதனைக்காகப் பல்கலைக்கழகம் 2001இல் வருத்தம் தெரிவித்தது. ஜான்சனின் கொள்கை இன்று ஏற்கப்படுவதில்லை. பெற்றோரைப் பார்த்துப் பழகுவதால் திக்குவாய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கும் ஆதாரமில்லை. அதனால் திக்கும் தந்தையோ தாயோ பிள்ளையிடம் பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கவனிப்பு

“நிதானமாச் சொல்லு”, “மூச்சை இழுத்துவிட்டுப் பேசு” என்று குறுக்கிடுவதையும், சொல்லைத் தாமே முடித்துவைப்பதையும் தவிர்த்து, குழந்தை சொல்லி முடிக்கும்வரை கேட்பது நல்லது. சிட்னியில் உருவான லிட்கோம் முறையில், பேச்சுச் சிகிச்சையாளரின் வழிகாட்டலில் பெற்றோரே வீட்டில் பயிற்சி தருகின்றனர். இது 6 வயதுக்குட்பட்டோருக்கு உரியது. திக்கல் சில மாதங்கள் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ குழந்தையைச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும். குடும்பத்தில் திக்குவாய் இருந்தால், தானாகச் சரியாகும் என்று காத்திராமல் முன்கூட்டியே காட்டுவது பயனுள்ளது.