வணிகச் செயல்முறை வடிவமைப்பில் சமூக வலைப்பின்னல் கூறுகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வணிகச் செயல்முறை வடிவமைப்பில் கருத்துரைத்தல், வாக்களித்தல், அழைத்தல் போன்ற சமூக வலைப்பின்னல் கூறுகள் 2008 முதல் முறையாக ஆராயப்பட்டன. அவை தீர்க்க முயன்ற சிக்கல் அதைவிடப் பழையது. செயல்முறை வரைபடம் தொழிலாளர்க்கிடையிலான உரையாடலைக் கணக்கில் கொள்ளாததே அச்சிக்கல். கோஆர்டினேட்டர், யுரேகா ஆகிய இரு கணினி முறைமைகளை ஒப்பிட்டு, இக்கூறுகளின் பயன் அவற்றில் எழும் பதிவு யாருடைய ஆளுகையில் உள்ளது என்பதைச் சார்ந்தது என்று இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வணிகச் செயல்முறை, சமூக வலைப்பின்னல், பணிப்பாய்வு, கோஆர்டினேட்டர், யுரேகா, நிகழ்வுப் பதிவேடு.

முன்னுரை

கொள்முதல், கடன் ஒப்புதல், பழுதுநீக்கம் போன்ற பணிகள் எந்த வரிசையில், யாரால், எந்த நிபந்தனையின்கீழ் நடைபெற வேண்டும் என வகுப்பது வணிகச் செயல்முறை வடிவமைப்பு ஆகும். முகநூலும் டுவிட்டரும் பரவிய பின்னர், அவற்றின் கூறுகளை இவ்வடிவமைப்பில் இணைக்கும் முயற்சிகள் பெருகின. இதனை இணையத் தொழில்நுட்பத்தின் விளைவாக மட்டும் கொள்ளும் போக்கு உள்ளது. அது முழுமையான விளக்கமாகாது. பணியைப் படமாக வரையத் தொடங்கிய காலத்திலிருந்தே படத்துக்கு வெளியே நின்றவை எவை என்பதையும் காண வேண்டும்.

வரைபடமும் விடுபட்ட உரையாடலும்

பிரெடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல்முறை மேலாண்மை பற்றிய நூலில், திட்டமிடுதலைச் செய்தலிலிருந்து பிரித்தார். பிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின்முன் செயல்முறை வரைபடத்தை அறிமுகப்படுத்தினர். பணியின் ஒவ்வொரு படியும் ஒரு குறியீடாயிற்று. படிகளுக்கிடையே தொழிலாளர் ஒருவரையொருவர் கேட்டறிவதற்குக் குறியீடு எதுவும் வழங்கப்படவில்லை.

இவ்விடுபாட்டின் விளைவை எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகியோர் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் கண்டனர். பாம்ஃபோர்த் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1951இல் வெளியான இவர்களது ஆய்வு, தம் வேலையைத் தாமே பகிர்ந்துகொண்ட சிறு குழுக்கள், இயந்திர முறை வந்தபின் மூன்று முறைமாற்றுகளாகச் சிதறியதை விளக்கியது. ஒரு முறைமாற்று விட்டுச்சென்ற குறை அடுத்ததன்மீது சுமத்தப்பட்டது. அதைப் பேசித் தீர்க்கும் வாய்ப்பு புதிய அமைப்பில் இல்லை. தொழில்நுட்ப அமைப்பையும் சமூக அமைப்பையும் ஒருசேர வடிவமைக்க வேண்டும் என்னும் சமூகத் தொழில்நுட்பக் கோட்பாடு இங்கிருந்து கிளைத்தது.

அலுவலகப் பணியில் இதே உண்மையை லூசி சச்மன் 1983இல் எடுத்துக்காட்டினார். கணக்கு அலுவலகம் ஒன்றில், முழுமையற்ற கோப்பினைக் கொண்டு பணியாளர்கள் ஒரு சிக்கலைப் பேசித் தீர்ப்பதை அவர் உற்றுநோக்கினார். இறுதியில் கோப்பு, நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது போலக் காட்சியளித்தது. ஒழுங்கான நடைமுறை என்பது பணியாளர் முயற்சியின் விளைபொருள் என்பதே அவரது முடிவு. விதியைப் பணியாகவே கருதிக் கணினிமயமாக்குவோர் அம்முயற்சியைக் காணத் தவறுவர்.

கோஆர்டினேட்டர்: உரையாடலை வகைப்படுத்துதல்

உரையாடலையே செயல்முறையின் அடிப்படை அலகாக்க முயன்றவர்கள் பெர்னாண்டோ புளோரஸும் டெரி வினோகிராடும் ஆவர். சிலியில் அலெண்டே அரசில் அமைச்சராக இருந்த புளோரஸ், 1973ஆம் ஆண்டின் இராணுவக் கவிழ்ப்புக்குப்பின் சிறையில் அடைக்கப்பட்டார்; விடுதலைக்குப்பின் கலிபோர்னியா சென்றார். வினோகிராட் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கணினி அறிஞர். ஆஸ்டின், செர்ல் ஆகியோரின் பேச்சுச் செயல் கோட்பாட்டைத் தழுவி 1980களில் கோஆர்டினேட்டர் என்னும் மென்பொருள் உருவாயிற்று.

அதில் செய்தி அனுப்புபவர் அது வேண்டுகோளா, முன்வைப்பா எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெறுபவர்க்கு ஏற்றல், மறுத்தல், மாற்று முன்மொழிதல் ஆகிய வாய்ப்புகள் காட்டப்படும். விடைக்கும் நிறைவேற்றத்துக்கும் நாள் குறிக்கப்படும். நிறைவுற்றதாக அறிவிக்கப்படும்வரை உரையாடல் முடியாததாகவே பட்டியலில் நிற்கும். வாக்குறுதிகள் மறக்கப்படாமல் காக்கப்படும் என்பது இதன் நோக்கம்.

1994இல் கணினிவழிக் கூட்டுப்பணி குறித்த ஆய்விதழில் சச்மன் இதனைக் கடுமையாக மறுத்தார். பேச்சினை முன்கூட்டியே வகுத்த வகைகளுக்குள் அடைப்பது, பேசுவோரை ஒழுங்குபடுத்திக் கண்காணிக்கும் ஆற்றலை நிறுவனத்துக்கு அளிக்கும் என்பது அவரது வாதம். பெரிய அமைப்புகளில் ஒருங்கிணைப்புக்கு வெளிப்படையான வகைப்பாடு இன்றியமையாதது என வினோகிராட் மறுமொழி கூறினார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. தயக்கத்துடன் சொல்லப்படும் ‘பார்க்கலாம்’ என்னும் விடை அலுவலகத்தில் பல பொருள்களைத் தாங்கும். அதை ஏற்பு அல்லது மறுப்பாகக் குறித்தவுடன் அது சான்றாக மாறிவிடுகிறது. பின்னாளைய சமூகக் கூறுகள் அனைத்தையும் தொடரும் வினா இங்கேயே எழுந்துவிட்டது.

மறுசீரமைப்பும் யுரேகாவும்

மைக்கேல் ஹேமர் 1990இல் வெளியிட்ட கட்டுரையும், ஜேம்ஸ் சாம்பியுடன் இணைந்து 1993இல் எழுதிய நூலும் வணிகச் செயல்முறை மறுசீரமைப்பை உலகெங்கும் பரப்பின. பழைய நடைமுறைகளை அடியோடு நீக்கிப் புதிதாக வரையும் இம்முறை பல நிறுவனங்களில் ஆட்குறைப்புக்கு மறுபெயராயிற்று. அதன் முன்னோடிகளுள் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட்டே, மறுசீரமைப்பு மனிதர்களை மறந்துவிட்டது என 1995இல் எழுதினார்.

இதே காலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் வேறொரு பட்டறிவு உருவாகிக்கொண்டிருந்தது. முன்னர்த் தாமே பழுதுநீக்குநராக இருந்த மானிடவியலர் ஜூலியன் ஓர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரிடையே களஆய்வு செய்தார். அவரது நூல் 1996இல் வெளிவந்தது. நிறுவனம் அளித்த கையேடு, ஒவ்வொரு பிழைக் குறியீட்டுக்கும் ஆய்வுப்படிகளை வரிசைப்படுத்தியிருந்தது. கையேட்டில் இல்லாத கோளாறு நேர்ந்தபோது, பழுதுநீக்குநர்கள் முன்பு சந்தித்த இயந்திரங்களைப் பற்றிய கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லி விடை கண்டனர். உணவு வேளைப் பேச்சு, மேலாளர் கண்ணுக்கு வீண்பொழுது. உண்மையில் அதுவே பணியின் ஒரு பகுதி.

இப்பேச்சில் பிறந்த அறிவைப் பகிரும் பொருட்டு யுரேகா அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் பிரான்சில், மினிடெல் வலையமைப்பின் துணையுடன் இது நடைமுறைக்கு வந்தது. பழுதுநீக்குநர் ஒருவர் தாம் கண்ட தீர்வைக் குறிப்பாக அனுப்புவார். துறையறிந்த சக பணியாளர்கள் அதனைச் சரிபார்த்த பின்னரே அது பொதுவில் இடம்பெறும். எழுதியவர் பெயர் குறிப்புடன் நிற்கும். குறிப்புக்குப் பணப்பரிசு வழங்கும் யோசனை கைவிடப்பட்டது. எண்ணிக்கையே குறிக்கோளாகிவிடும் என்பது காரணம். சக தொழிலாளரிடம் பெறும் மதிப்பே போதிய தூண்டுதலாயிற்று. பெயர், மதிப்பீடு, பகிர்வு என்னும் இன்றைய சமூக வலைப்பின்னலின் அடிப்படைகள் அனைத்தும் இதில் அமைந்திருந்தன. இவற்றின் விதிகளை வகுத்ததில் பழுதுநீக்குநர்களே பங்கேற்றனர் என்பதே கோஆர்டினேட்டரிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது.

சமூகச் செயல்முறை மேலாண்மை

2004இல் வெளியான பிபிஎம்என் என்னும் வணிகச் செயல்முறைக் குறியீட்டு முறை, பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித் தடம் வகுத்தது. ஆண்ட்ரூ மெக்காஃபி 2006இல், விக்கி, வலைப்பதிவு போன்றவற்றை நிறுவனங்கள் பயன்படுத்துவதை ‘எண்டர்பிரைஸ் 2.0’ எனப் பெயரிட்டார். இவ்விரு போக்குகளையும் இணைக்கும் முதல் பன்னாட்டுப் பயிலரங்கு 2008இல் மிலான் நகரில் நிகழ்ந்தது. ரெய்னர் ஷ்மிட், செல்மின் நூர்ஜான் ஆகியோர் இதன் அமைப்பாளர்கள். வரையப்பட்ட செயல்முறைக்கும் நடப்புக்குமான இடைவெளி, பணியாளரின் புதுக்கருத்துகள் வடிவமைப்பாளரை எட்டாமற்போதல் ஆகியவை இக்குழுவினர் முன்வைத்த குறைபாடுகள். மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மார்கோ பிரம்பில்லா, பியெரோ பிரதெர்னாலி முதலியோர் வாக்களித்தல், கருத்துரைத்தல், செயலுக்கு அழைத்தல் ஆகியவற்றுக்கான குறியீடுகளைப் பிபிஎம்என் முறையில் சேர்த்தனர். கில்பிரெத் வரைபடத்தில் இடம்பெறாத உரையாடல், 90 ஆண்டுகளுக்குப்பின் ஒரு குறியீட்டைப் பெற்றது.

பதிவேட்டின் இருமுகம்

குறியீடு பெற்றது பதிவாகும், பதிவானது அளக்கப்படும். வில் வான் டெர் ஆல்ஸ்ட் முதலியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, செயல்முறையின் நிகழ்வுப் பதிவேட்டிலிருந்தே பணியாளரின் சமூக வலைப்பின்னலை வருவிக்கலாம் எனக் காட்டியது. யார் யாரிடம் பணியை ஒப்படைக்கிறார், யார் மையத்தில் நிற்கிறார், யார் தனித்திருக்கிறார் என்பவை எண்களாயின. சச்மன், வினோகிராட் விவாதம் வெளியான அதே ஆய்விதழில் இக்கட்டுரையும் வெளிவந்தது குறிப்பிடத்தக்கது.

2020இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உற்பத்தித்திறன் மதிப்பெண் வசதி, தனிப்பட்ட பணியாளர்கள் மின்னஞ்சல், அரட்டை முதலியவற்றை எந்த அளவு பயன்படுத்துகின்றனர் என்பதைப் பெயருடன் காட்டியது. கண்காணிப்புக் கருவி என்னும் கண்டனம் எழவே, அவ்வாண்டு டிசம்பரில் பெயர்கள் நீக்கப்பட்டன. யுரேகாவில் பெயர் மதிப்பின் அடையாளம். இங்கு அதே பெயர் கணக்கெடுப்பின் அடையாளம்.

முடிவுரை

சமூக வலைப்பின்னல் கூறுகள் செயல்முறை வடிவமைப்பில் இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்கவில்லை. சுரங்கத்திலும் கணக்கு அலுவலகத்திலும் பழுதுநீக்குநர் உணவு மேசையிலும் முன்பே நிகழ்ந்த உரையாடலை அவை கண்ணுக்குப் புலனாக்கின. அவ்வாறு புலனாக்கியதில் வடிவமைப்பாளர்க்கு நன்மை உண்டு. எனினும், தம் பேச்சு தமக்கெதிரான சான்றாகும் என அஞ்சும் பணியாளர் பேச்சை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வர். படம் மீண்டும் குறைபட்டதாகும். ஆகவே எந்தக் கூறினைச் சேர்ப்பது என்பதற்கு முன்னர், அதனால் விளையும் பதிவை யார் காண்பர், யார் சரிபார்ப்பர், யார் அழிக்கலாம் என்பவற்றைப் பணியாளருடன் கூடி வரையறுத்தல் வேண்டும். யுரேகாவின் வரலாறு அவ்வழி இயலும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.