காற்றால் கிளம்பும் கப்பல்

புதுச்சேரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கடற்கரைச் சாலையில் நின்றுகொண்டு, பிரெஞ்சுக்காரர்களின் பழைய துறைமுகம் எங்கே என்று கேட்கிறார்கள். கப்பல் உள்ளே வந்து ஒதுங்கும் துறைமுகம் இங்கே இருந்ததில்லை. திறந்த கடல்தான். கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும்; ஆட்களையும் சரக்கையும் சலங்கு என்ற படகில் அலை தாண்டிக் கொண்டுவருவார்கள். 1866இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டினார்கள். அதன் பிறகும் கப்பல் தள்ளித்தான் நின்றது. என் தாத்தா வம்பாகீரப்பாளையத்தில் சலங்கு தள்ளியவர். நான் என்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்க் கடலைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு எழுவது ஒரே கேள்விதான்: நங்கூரத்தில் நிற்கிற கப்பல், புயல் வந்தால் எவ்வளவு சீக்கிரம் கிளம்பும்?

1761 புத்தாண்டு நாள் அதற்கு மிகக் கொடிய பதிலைத் தந்தது. ஊரை முற்றுகையிட்டு வெளியே நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் மீது இரவோடு இரவாகப் புயல் அடித்தது. நியூகாசில், குயின்பரோ, ப்ரொடெக்டர் மூன்றும் கரையில் மோதின. டியூக் ஆஃப் அக்விடைனும் சண்டர்லாண்டும் மூழ்கின. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். தளபதி ஸ்டீவன்ஸின் நார்ஃபோக் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்குப் போய்த் தப்பியது. கரையை விட்டு விலகியவன் பிழைத்தான். பாய்மரக் காலத்தில் அப்படி விலகவும் காற்று மனம் வைக்க வேண்டும்.

நீராவி வந்தபின் காற்றின் தயவு தேவைப்படவில்லை. ஆனால் ஆறிய பாய்லரில் ஆவி ஏற மணிக்கணக்காகும். அதனால் நங்கூரத்தில் சும்மா நிற்கும்போதும் அடுப்பை அணைக்காமல் கரியைத் தின்னக் கொடுக்க வேண்டும். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கிய 'டூப்ளே'யும் நீராவிக் கப்பல்தான்.

இரண்டே ஆண்டில் உலகம் மாறியது. 1912 பிப்ரவரியில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டது 'செலாண்டியா' கப்பல். பாய்லர் இல்லை, புகைபோக்கியும் இல்லை. எட்டெட்டு சிலிண்டர் கொண்ட இரண்டு டீசல் என்ஜின்கள். ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க்கில் தன் என்ஜினை 1897இல் நிரூபித்துக் காட்டி பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தெளிப்பதற்கும் அழுத்தக் காற்றுதான். பிறகு எண்ணெய்க்குத் தனி பம்ப் வந்துவிட்டது. கிளப்புகிற வேலை மட்டும் காற்றிடமே தங்கிவிட்டது. மெசாஜெரி மரித்தீம் என்ற பிரெஞ்சுக் கப்பல் கம்பெனி 1930 வாக்கில் 'ஃபெலிக்ஸ் ரூசெல்' போன்ற டீசல் கப்பல்களைச் சைகோன் பக்கம் ஓட்டியது. சைகோனில் நம் ஊர்த் தமிழர்கள் நிறையப் பேர் வேலையிலிருந்த காலம் அது.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கி, அந்தச் சூட்டில்தான் எண்ணெய் பற்ற வேண்டும். அதற்கு முதலில் பிஸ்டன் வேகமாக ஓட வேண்டும். பல நூறு டன் இரும்பை பேட்டரி மோட்டார் வைத்துச் சுழற்ற முடியாது. ஆகவே ஆள் உயரத்துக்கும் மேலான ஏர் பாட்டில்களில் 30 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பி வைப்போம். கார் டயரில் இருப்பதைப் போல் சுமார் பதினைந்து மடங்கு. நிற்கும்போது என்ஜினை மெல்லச் சுற்றும் டர்னிங் கியரைக் கழற்றியாயிற்றா என்று பார்ப்போம். சிலிண்டர் தலையிலுள்ள இண்டிகேட்டர் காக்கு என்ற சிறு திறப்புகளைத் திறந்து ஒரு முறை ஊதுவோம். சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் சீறிக்கொண்டு வெளியே வரும். பிறகு காக்குகளை மூடிவிட்டு லீவரைத் தள்ளினால், டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தயாராக நிற்கிறதோ அதன் தலையில் காற்றை விடும். அது இறங்கும், அடுத்தது இறங்கும். இரண்டொரு சுற்றில் வேகம் பிடித்ததும் எண்ணெய் போகும், காற்று நிற்கும். அந்த முதல் வெடிச் சத்தம் காலடித் தகட்டில் தெரியும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை.

பின்னோக்கிப் போகவும் இதே காற்றுதான்: என்ஜினை நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். கப்பலைத் திருப்பும்போது 'முன்னே', 'பின்னே', 'நிறுத்து' என்று மேலிருந்து கட்டளை சொல்லும் டெலிகிராஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பாட்டிலின் அழுத்தமானி முள் இறங்கிக்கொண்டே வரும். அதனால்தான் இருபுறமும் ஓடும் மெயின் என்ஜின் என்றால், மீண்டும் நிரப்பாமலே 12 முறை கிளப்பும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும் என்பது விதி.

காற்றிடம் கவனக்குறைவு கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரக் காற்றை நெருக்கினால் பாட்டிலுக்குள் அத்தனை தண்ணீர் சேரும். வால்வைத் திறந்து அதை வடிக்காத வாட்ச் (பணிமுறை) கிடையாது. தண்ணீரைவிட எண்ணெய்ப் படலம் ஆபத்து. கம்ப்ரஸரிலிருந்து குழாயில் எண்ணெய் படிந்து, ஒரு ஸ்டார்ட்டிங் வால்வு சரியாக மூடாமல் சிலிண்டர் நெருப்பு பின்னால் வந்தால் குழாயே வெடிக்கும். 1960இல் லாஸ் பால்மாஸில் 'கேப்டவுன் காசில்' கப்பலில் காற்றுக்குழாய் வெடித்துத் தலைமை என்ஜினியர் உட்படப் பலர் இறந்தார்கள். வால்வுக்குப் போகும் குழாயைத் தொட்டுச் சூடு பார்க்கிற பழக்கத்தை எனக்குக் கீழே வேலை பார்த்த ஒவ்வொரு பையனுக்கும் நான் கட்டாயமாக்கினேன்.

1952 புயலில் எங்கள் பழைய இரும்புப் பாலம் போனது. தூண்கள் சில இன்னும் அலையில் நிற்கின்றன. 1962இல் தெற்கே புதிய பாலம் வந்தது. அங்கேயும் பெரிய கப்பல் வெளியேதான் நின்றது. அப்படி நிற்கும் கப்பலில் மின்சாரம் போய், பாட்டிலும் காலியானால் என்ன செய்வது? அதற்காகவே கையால் சுழற்றிக் கிளப்பும் சின்ன டீசலோடு இணைந்த எமர்ஜென்சி கம்ப்ரஸர் ஒன்று மூலையில் இருக்கும். அது சின்ன பாட்டிலை நிரப்பும், அந்தக் காற்றில் ஜெனரேட்டர் கிளம்பும், அந்த மின்சாரத்தில் பெரிய கம்ப்ரஸர் ஓடும், பிறகுதான் மெயின் என்ஜின். அந்தச் சின்ன எந்திரத்தை வாரம் ஒரு முறை சுழற்றிப் பார்க்காத கப்பலில் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.