இடுகாட்டில் பிறந்த பிள்ளை

கடையை மூடும் நேரத்தில் ஒரு பெண் கதவைத் தட்டுகிறாள். வெளுத்த முகம், கலைந்த கூந்தல். ஒற்றைக் காசை நீட்டி மிட்டாய் கேட்கிறாள், வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுகிறாள். மறுநாள் இரவும் வருகிறாள். ஆறு இரவுக்கு ஆறு காசு. ஏழாம் இரவு அவள் கையில் ஒன்றுமில்லை. மனமிரங்கிய கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே நடக்கிறார். இடுகாட்டில் போய் அவள் மறைந்துவிடுகிறாள். புதிதாகக் குவித்த மண்ணுக்கு அடியில் குழந்தை அழும் சத்தம். தோண்டிப் பார்த்தால் இறந்த தாயின் சவத்தருகே உயிரோடு ஒரு பிள்ளை, வாயில் மிட்டாயோடு.

அந்நாளைய ஜப்பானில் சவத்தோடு ஆறு காசு வைத்துப் புதைப்பார்கள். மறுமைக்குப் போகும் வழியில் ஆற்றைக் கடக்க அதுதான் கூலி. அந்தக் கூலியைத்தான் அவள் பிள்ளைக்குச் செலவழித்திருக்கிறாள்.

இந்தக் கதைக்கு வயது அதிகம். 12ஆம் நூற்றாண்டுச் சீனாவில் ஹாங் மாய் தொகுத்த விந்தைக் கதைகளிலேயே, குழிக்குள் பெற்ற பிள்ளைக்காகக் கடைக்கு வரும் தாய் இருக்கிறாள். கியோத்தோ நகரில் இதை 1599இல் நடந்ததாகச் சொல்லி, அந்தப் பேய் வாங்கிய மிட்டாய் இதுதான் என்று அம்பர் நிறக் கட்டிகளை இன்றும் விற்கும் கடை ஒன்று உண்டு. எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் மத்சுயே ஊரில் கேட்ட வடிவத்தை 1894இல் வெளிவந்த தன் நூலில் எழுதிவைத்தார். அதில் அவள் வாங்குவது பாகு.

ஜப்பானிய அசைபடமான அனிமேயில் திகில் எடுபடாது என்று சொல்பவர்கள் உண்டு. கோட்டால் வரைந்த ரத்தத்துக்கு யார் பயப்படுவார்கள் என்பது அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் தேட இந்தக் கதையைப் பின்தொடர்வதே சிறந்த வழி என்று நினைக்கிறேன். ஏனென்றால் வரைந்த படத்தால் கதை சொல்லும் வடிவங்கள் ஜப்பானில் எத்தனை வந்தனவோ ஏறக்குறைய அத்தனைக்குள்ளும் இது நுழைந்து வெளியே வந்திருக்கிறது. சில இடங்களில் பயத்தைத் தொலைத்தது, சில இடங்களில் மீட்டெடுத்தது.

1930களின் தொடக்கம். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆண்கள் பலர் டோக்கியோ தெருக்களில் கமிஷிபாய் என்ற படக்கதை நடத்தப் புறப்பட்டார்கள். சைக்கிளின் பின்னால் ஒரு மரச்சட்டம், சட்டத்துக்குள் வண்ணப் படம் வரைந்த அட்டைகள் பத்துப் பதினைந்து. இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் சந்திலிருந்து பிள்ளைகள் ஓடிவருவார்கள். கதைக்குக் கட்டணம் கிடையாது. மிட்டாய் வாங்கும் பிள்ளைக்கு முன்வரிசை, அதுதான் வியாபாரம். கதைசொல்லி ஒவ்வோர் அட்டையாகப் பக்கவாட்டில் உருவுவார், அடியில் இருக்கும் படம் தெரியும்.

அந்த உருவுதலில்தான் வித்தை. முழுவதையும் ஒரே இழுப்பில் எடுத்தால் காட்சி சட்டென மாறும். பாதி உருவி நிறுத்தினால், புதிய படத்தின் ஓரம் மட்டும் தெரியும். கதவிடுக்கில் ஒரு கை, கையின் உடம்பு இன்னும் பழைய அட்டைக்குப் பின்னால். குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே அவர் மீதியை எப்போது இழுப்பார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. படம் துளியும் அசையவில்லை. ஆனால் அடுத்த படம் எப்போது வரும் என்ற அதிகாரம் பார்ப்பவரிடமிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. அனிமேயின் திகிலுக்கு ஒரு தொட்டில் உண்டென்றால் அது இந்த மரச்சட்டம்தான் என்பது என் எண்ணம்.

1933 வாக்கில் அந்தச் சட்டத்துக்குள் இடுகாட்டுப் பிள்ளை வந்துசேர்ந்தான். கதை இத்தோ மசாமி, படம் தத்சுமி கெய்யோ, பெயர் 'ஹகாபா கிதாரோ', அதாவது இடுகாட்டுக் கிதாரோ. மிட்டாய் விற்பவர், மிட்டாய் வாங்க வந்த பேயின் வழிவந்த பிள்ளையின் கதையை, மிட்டாய் சப்பும் பிள்ளைகளுக்குச் சொன்னார். கேட்ட பிள்ளைகளுக்கு வாயில் இருந்த இனிப்பு எப்படி இருந்திருக்கும்! அந்த அட்டைகள் இன்று இல்லை.

அடுத்து இந்தப் பிள்ளையைத் தத்தெடுத்தவர் ஓவியர் மிசுகி ஷிகெரு. 1922இல் பிறந்தவர், வளர்ந்தது சகாய்மினாதோ என்ற துறைமுக ஊரில். ஹெர்ன் கதை கேட்ட மத்சுயே அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. 'நோன்னோன்பா' என்று அழைக்கப்பட்ட கிழவி ஒருத்தி அவருக்குச் சிறுவயதில் பேய்களையும் பூதங்களையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். குளியலறை அழுக்கை நக்க ஒன்று, இரவில் பின்தொடரும் காலடிக்கு ஒன்று என்று ஒவ்வோர் அச்சத்துக்கும் ஓர் உருவம்.

பிறகு போர் வந்தது. படையில் சேர்க்கப்பட்டு நியூ பிரிட்டன் தீவின் ரபாலுக்கு அனுப்பப்பட்டார். கூட இருந்த பிரிவினர் தாக்குதலில் மடிந்தார்கள், அவர் தப்பினார். மலேரியாவில் கிடந்தபோது குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். வீரர்களைச் சாகச் சொல்லி உத்தரவிட்டவர்களை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், கிதாரோவின் கதையில் பின்னால் வரும் உண்மையான பேய் இந்தத் தீவிலிருந்துதான் வருகிறது.

ஊர் திரும்பிய மிசுகி கோபேயில் ஒற்றைக் கையால் கமிஷிபாய் அட்டை வரைந்து பிழைத்தார். இத்தோ மசாமியின் அனுமதியோடு 1954இல் கிதாரோவை வரையத் தொடங்கினார். ஆனால் தெருக்கதைக்கு அப்போதே அந்திமக் காலம். 1953இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. அந்தப் புதுப் பெட்டியை மக்கள் 'மின்சாரக் கமிஷிபாய்' என்றே அழைத்தார்கள். அட்டை வரைந்தவர்கள் வாடகைக்கு விடும் காமிக்ஸ் புத்தகங்களுக்கு இடம் மாறினார்கள், மிசுகியும் டோக்கியோவுக்குப் போனார்.

1960இல் வாடகைப் புத்தகத்தில் வந்த அவருடைய கிதாரோதான் எனக்கு இந்த நெடும் பயணத்தின் உச்சம். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் ஒருவன், அவன் பெயரும் மிசுகி. வங்கி கொடுத்த ரத்தம் ஏறிய நோயாளி பேயாகிப் போகிறான். அந்த ரத்தத்தை யார் தந்தது? முகவரியைப் பார்த்தால் அவன் குடியிருக்கும் வீட்டு முகவரியே! பக்கத்துப் பாழடைந்த கோவிலில் ஒரு தம்பதி ஒளிந்து வாழ்கிறார்கள். மனிதருக்கு முன்பே பூமியில் இருந்து, மனிதரால் மண்ணுக்கடியில் விரட்டப்பட்ட பேய்க்குலத்தின் கடைசி இருவர். நோய் முற்றி, வறுமையில், பிழைப்புக்காக ரத்தத்தை விற்றவர்கள். மனைவி கருவுற்றிருக்கிறாள். அவர்கள் இறந்தபின் அவளை அவன் புதைக்கிறான். மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு குழந்தை தவழ்ந்து வெளியே வருகிறது.

பயந்துபோன அவன் குழந்தையைத் தூக்கி எறிகிறான். கல்லறைக் கல்லில் மோதி அதன் இடக்கண் போகிறது. அழுகிக் கிடந்த தகப்பனின் சவத்திலிருந்து ஒரு கண்ணுருண்டை கழன்று விழுந்து, கைகால் முளைத்து, பிள்ளையைத் தேடி நடக்கிறது.

மிட்டாய் இப்போது கதையில் இல்லை. இருப்பது விற்கப்பட்ட ரத்தம். போருக்குப் பிந்தைய ஜப்பானில் வேறு வழியில்லாதவர்கள் உண்மையிலேயே ரத்தத்தை விற்றுத்தான் சாப்பிட்டார்கள். பழைய கதையின் தாய் தன் கடைசிக் காசைக் கொடுத்தாள், இந்தத் தாய்க்குக் கொடுக்க உடம்பு மட்டுமே மிச்சம். மிசுகி கண்டுபிடித்த பயம் இதுதான்: பேயைக் கண்டு நாம் அஞ்சுவதைவிட, நம்மைக் கண்டு அது அஞ்சக் காரணம் அதிகம்.

1965இல் கிதாரோ சிறுவர் வார இதழான 'ஷோனென் மேகசினு'க்கு ஏறினான். தொலைக்காட்சி அழைத்தது. ஆனால் தலைப்பில் இடுகாடு இருந்தால் விளம்பரதாரர் யார் வருவார்? 1967இல் தொடரின் பெயர் 'கெகெகே நோ கிதாரோ' ஆனது. 1968 ஜனவரி 3 அன்று தோயெய் நிறுவனத்தின் தயாரிப்பில், கறுப்பு வெள்ளையில், ஃபுஜி டிவியில் முதல் அனிமே வந்தது. மிசுகியே எழுதிய தலைப்புப் பாட்டு நாடெங்கும் பரவியது. குழிக்குள்ளிருந்து வந்த பிள்ளை இப்போது மனிதருக்குத் தீங்கு செய்யும் பூதங்களை அடக்கும் நண்பன். அவன் பிறந்த கதையை அந்தத் தொடர் சொல்லவேயில்லை.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானின் கிராமங்களில் மறந்துபோய்க்கொண்டிருந்த பூதங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறார்கள் என்றால் அது இந்தத் தொடரால்தான். 1971, 1985, 1996, 2007, 2018 என்று ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை அவன் புதிதாகத் திரும்பி வந்தான். சகாய்மினாதோவின் தெரு முழுக்க வெண்கலப் பூதங்கள் நிற்கின்றன. ஆனால் பயம் போய்விட்டது. வாராவாரம் வென்று திரும்புபவனோடு எந்தப் பிள்ளையும் நடுங்காது.

இங்கேதான் அந்தக் கேள்விக்கு வருகிறேன். பயம் போனதற்குக் காரணம் கோடா? அப்படியானால் தெருமுனையில் அசையாத அட்டையைப் பார்த்த பிள்ளைகள் நடுங்கியிருக்க முடியாது. அன்றைய தொலைக்காட்சி அனிமே, செலவைக் குறைக்க ஒரே படத்தை நெடுநேரம் நிறுத்தி வைத்துக் குரலை மட்டும் ஓடவிட்டது. கமிஷிபாயின் ஆயுதம் அப்படியே கையில் இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. பேய்ப் படத்தில் நடிக்கும் மனிதர் ஒப்பனையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார் என்பது பார்ப்பவர் மனதின் ஒரு மூலையில் தெரியும். வரைந்த உருவத்துக்கு அப்படிப் போக வீடில்லை. அது காட்டும் முகம்தான் அதற்கு இருக்கும் ஒரே முகம். இந்த இரண்டு வசதியும் இருந்தும் பயம் தொலைந்ததென்றால், பிள்ளைகளுக்கான நேரத்தில் இடுகாட்டையும் பசியையும் போரையும் காட்டவேண்டாம் என்று பெரியவர்கள் எடுத்த முடிவே காரணம்.

முடிவு மாறியதும் பயம் திரும்பியது. 2008இல் அதே தோயெய், அதே ஃபுஜி டிவி, ஆனால் பின்னிரவு நேரத்தில், வாடகைப் புத்தகத்தின் கதையைப் பழைய பெயரிலேயே 11 பகுதிகளாகக் காட்டின. பழைய தாளின் சொரசொரப்பும் மையின் கனமும் திரையில் தெரிந்தன. கிதாரோவுக்குக் குரல் கொடுத்தவர் 1968இலும் அவனாகப் பேசிய நோசவா மசாகோ. பிள்ளைகளின் நாயகனாக அறிமுகமான குரல் இப்போது கள்ளச் சிரிப்போடு மனிதர்களை நரகத்துக்கு வழியனுப்பியது. 2013இல் தொடங்கிய 'யாமிஷிபாய்' என்ற குறுந்தொடரோ முகமூடியணிந்த ஒரு கமிஷிபாய்க்காரரையே கொண்டுவந்து நிறுத்தி, காகித வெட்டுருவங்களை ஐந்து நிமிடத்துக்குள் நகர்த்தி உறக்கத்தைக் கெடுத்தது.

2015 நவம்பரில் மிசுகி தன் 93ஆம் வயதில் இறந்தார். அவர் இல்லாமல் 2023 நவம்பரில் வந்தது கோகா கோ இயக்கிய 'கிதாரோ பிறந்த கதை' திரைப்படம். காலம் 1956. ரத்த வங்கி மிசுகி, தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டுத் தென்கடல் போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பியவன். இனி யாரும் தன்னை மிதிக்கக்கூடாது, மேலே ஏறிவிட வேண்டும் என்ற வெறியோடு ஒரு பணக்காரக் குடும்பத்தின் மலைக்கிராமத்துக்குப் போகிறான். போகும் ரயிலில் ஆண்கள் எல்லோரும் சிகரெட் புகைக்கிறார்கள். ஒரு சிறுமி இருமுகிறாள், இருமிக்கொண்டே இருக்கிறாள். யாரும் அணைக்கவில்லை, மிசுகியும் அணைக்கவில்லை. பேய் எதுவும் வருமுன்பே எனக்கு அடிவயிறு குளிர்ந்த இடம் அது.

கிராமத்தில் பேய்கள் வருகின்றன, ரத்தமும் நிறைய. ஆனால் அந்தக் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்போது மற்றதெல்லாம் சிறிதாகிவிடுகிறது. வீரரையும் தொழிலாளரையும் தூக்கமின்றி உழைக்கவைக்கும் ஒரு மருந்து. பேய்க்குலத்தைப் பிடித்துவைத்து, அவர்கள் ரத்தத்தை மனித உடல்களில் ஏற்றி, சாகவும் விடாமல் கிடத்தி வடித்தெடுப்பது. போரையும் அதற்குப் பின் வந்த வளர்ச்சியையும் ஓட்டியது அதுவே. வீட்டுக்குள் தன் பேத்தியையே பாழாக்கும் கிழவர். இதை நடிகர்களைக்கொண்டு எடுத்திருந்தால் அந்தக் கிழவரின் முகத்தில் ஒரு நடிகரைத் தேடி நான் தப்பித்திருப்பேன். வரைந்த கிழவரிடம் அந்த வழி கிடையாது. 12 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கும்படி வந்த படத்தை, 2024இல் 300க்கும் மேற்பட்ட காட்சித் துண்டுகளைத் திருத்தி, 15 வயதுக்குக் குறைந்தோர் பார்க்கக்கூடாத பதிப்பாக மறுபடி வெளியிட்டார்கள்.

அந்தப் படத்தில் தகப்பனின் கண்ணுருண்டைக்குக் குரல் நோசவா மசாகோ. 1968இல் பிள்ளையாகப் பேசியவர் இப்போது தகப்பனாகப் பேசுகிறார்.

கடைசியில் 1960இன் காட்சி வருகிறது. கிராமத்தில் நடந்தது அத்தனையும் மறந்து, தலை நரைத்துப்போன மிசுகி, மண்ணிலிருந்து தவழ்ந்துவந்த குழந்தையைக் கையில் தூக்குகிறான். மூலக்கதையை அறிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். கையை ஓங்குகிறான். ஒருகணம் ஏதோ ஒரு நட்பின் நிழல் அவன் நினைவில் குறுக்கிடுகிறது, அவன் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொள்கிறான். கல்லறைக் கல் அங்கேயே, அதே இடத்தில் நிற்கிறது. அந்தக் கல்லின் மீது 1960இல் விழுந்த அடி தெரிந்தவர்களுக்குத்தான் இந்த அணைப்பின் முழு எடையும் தெரியும்.