ஆட்சியும் வீச்சும் பிறந்த கதை

குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் வந்து நின்றதும் சனம் இரண்டாகப் பிரியும். நயினாதீவுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மறுபக்கம். ஒரு படகில் பலர் ஏறலாம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு படகில் ஏற முடியாது. சார்பு என்பது இதுதான். அன்று படகேறிய சனம் ஆட்சி. துறையோடு திரும்பிப் போனவர் அதில் சேர மாட்டார். போகக்கூடிய தீவுகள் இணையாட்சி. அன்று ஆள் உண்மையில் போய்ச் சேர்ந்த தீவுகள் வீச்சு. சோளகம் உரத்து நெடுந்தீவுப் படகு ஓடாத நாளில் நெடுந்தீவு இணையாட்சியில் இருக்கும், வீச்சில் இராது.

"சூத்திரம் தந்தாச்சு, பிறகேன் சேர் ஆட்சியை எழுதவேணும்?" என்று உயர்தர வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கணிதவியலாளர் ஒயிலரும் அந்தப் பக்கம்தான் நின்றார். லைப்னிட்ஸ் 1673இல் எழுதிய சார்பு என்ற பெயருக்கு 1748இல் ஒயிலர் தந்த பொருள்: மாறியும் மாறிலிகளும் சேர்ந்த ஒரு கோவை. கோவை கையில் இருந்தால் போதும்.

அந்த நிம்மதியைக் குலைத்தது வெப்பம். பொருள்களில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்த ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூல் சைன், கோசைன் தொடர்களால் நிறைந்தது. ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரு கோணத்தின் சைனை எழுதி, அதனோடு மும்மடங்கு கோணத்தின் சைனில் மூன்றிலொன்று, ஐமடங்கின் சைனில் ஐந்திலொன்று என்று முடிவின்றிக் கூட்டுங்கள். 0 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையில் எந்தக் கோணத்தை இட்டாலும் விடை ஒன்றே: பையின் கால்வாசி. 180ஐத் தாண்டினால் 360 வரை அதே விடை மறைக்குறியோடு வரும். கோவை மாறவில்லை, சார்பு மாறிவிட்டது. ஆகவே எந்த எல்லைக்குள் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஆட்சி பிறந்தது இந்த இடத்தில் என்றே நான் நினைக்கிறேன்.

1837இல் சார்புக்கு டிரிஷ்லே தந்த வரையறை, மாறி உலாவும் ஆயிடையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அதற்குள் ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒரு விடை இருந்தால் போதும், ஒரே சூத்திரம் தேவையில்லை என்றார். 1888இல் டெடகின்ட் எண்களையும் கடந்து, எந்தத் தொடையின் உறுப்புகளுக்கும் அதை விரித்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மதிப்பகம், வீச்சகம் என்கின்றன. எனக்கு ஆட்சி என்ற சொல்லே பிடிக்கும். விதி செல்லுபடியாகும் நிலம் அல்லவா அது.

பிள்ளைகள் தடுமாறுவது வீச்சில்தான். எக்ஸிலிருந்து 2ஐக் கழித்து, வருவதால் 1ஐ வகுத்து வை என்ற விடையைத் தரும் சார்பை எடுங்கள். பகுதி பூச்சியமாகாது; ஆட்சியில் 2 மட்டும் இல்லை. வீச்சுக்கு அக்கரைக்குப் போய் நின்று, வந்திறங்கியவரிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். எக்ஸை எழுவாயாக்கினால், 1ஐ வையால் வகுத்து 2ஐக் கூட்டியது எக்ஸ். இப்போது பகுதியில் நிற்பது வை. அது பூச்சியமாக முடியாது. 0 என்ற துறைக்கு எந்தப் படகும் வருவதில்லை. மற்ற ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் வந்திறங்குகிறார்.